மூன்று இழுப்பு

இதைக் கேட்டுவிட்டு என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ அந்த பைப் பக்கத்துல அஞ்சு நிமிஷம் தனியா நில்லுடா" என்றேன். திடீரென்று வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

பழைய வீடு ஒன்றை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை, என் மரவேலைப் பட்டறை. ரம்ப மெஷினுக்குத் தனி லைன் வேண்டும். அங்கிருந்து வீட்டு மெயின் போர்டுவரை சுவருக்குள் ஒரு காலிப் பைப் ஏற்கெனவே போயிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. "நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்று வீம்பு பிடித்தேன்.

ஞாயிறு மதியம். நல்ல மழை. தகரத்தில் மழை விழுந்தால் காட்டுக்கத்தல் கத்தினாலும் வீட்டுக்குள் கேட்காது. இரண்டு கையும் ஒயரில் இருக்கும், போனும் உதவாது. நான் பட்டறையில், அவள் வீட்டு மெயின் போர்டு பக்கம். அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். நான் ஒயரை ஒரு தடவை வெட்டி இழுத்தால், உள்ளே விடு. இரண்டு தடவை, நிறுத்து. மூன்று தடவை, வேலை முடிந்தது, மெயினைப் போடு.

3:10. மெயினை அணைத்தோம். ஸ்டீல் கம்பியைப் பட்டறைப் பக்கமிருந்து பைப்புக்குள் தள்ளினேன். வழியில் மூன்று வளைவு. எங்கேயாவது முட்டி உயிரை வாங்கும் என்று நினைத்தேன். எங்கும் முட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த முனையில் அவள் ஒயரைக் கட்டினாள். நான் இழுத்தேன். பாரமே இல்லை... என்னோடு இன்னொருவர் சேர்ந்து இழுப்பதுபோல் இருந்தது.

3:25. ஒயர் வெளியே வந்தது. தொட்டேன். இளஞ்சூடு. கரண்ட் இல்லாத புது ஒயர் எப்படிச் சுடும்? அவள் கைச்சூடாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு முறை இழுத்து நிறுத்தச் சொன்னேன். ஒயரைத் தரையில் போட்டேன். மெயின்தான் அணைந்திருக்கிறதே, கூரையில் ஆடிக்கொண்டிருந்த பழைய லைட் இணைப்பையும் சரிசெய்துவிடலாம் என்று ஸ்டூலில் ஏறினேன். அவளிடம் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டு கையிலும் உரித்த செம்புக் கம்பி.

சர்ர்ர்...

கீழே பார்த்தேன். தரையில் கிடந்த ஒயர் நகர்ந்தது. பைப்புக்குள்ளே போகவில்லை. வெளியே, அறைக்குள்ளே இழுபட்டது. விறைத்தது. தளர்ந்தது.

ஒன்று.

அறையில் யாரும் இல்லை.

சர்ர்ர்... இரண்டு.

ஐயோ!

கையை விட நினைத்தேன். விரல் அசையவில்லை.

சர்ர்ர்...

எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. ஸ்டூலோடு விழுந்தேன்.

பளிச்!

கதவோரம் இருந்த இன்னொரு லைட் எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் 3:41.

அவள் நனைந்தபடி ஓடிவந்தாள். "என்னங்க, லைன் வந்துடுச்சா?"

"யாரு உன்னைப் போடச் சொன்னது?"

"நீங்கதானே மூணு தடவ இழுத்தீங்க!"

மேலே தொங்கிய கம்பியைக் காட்டினேன். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்தார். பட்டறையில் புது லைன் இழுத்ததாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்த பைப்லயா? பதினோரு வருஷம் முன்னாடி அங்கதாங்க முன்ன இருந்தவரு செத்தாரு. ஸ்டூல் மேல நின்னு கூரைல ஏதோ செஞ்சிட்டிருந்தாரு. பொண்டாட்டி மெயினைப் போட்டுட்டா."

"தெரியாமலா?"

"அவரு மூணு தடவ ஒயரை இழுத்தாருன்னு கதறினா. யாரு நம்புவா? ஒயரு கீழ கிடந்துச்சே. வேணும்னே கொன்னுட்டான்னு சொந்த மாமியாரே சொன்னாங்க. சாகிறவரைக்கும் பாவம், இதையேதான் சொல்லிட்டிருந்தா..."

எங்கள் மூன்று இழுப்புக் கணக்கை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போன பிறகு என் மனைவி பட்டறைக் கதவைப் பூட்டினாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க போயிருந்தா... என்னை யாருங்க நம்பியிருப்பா?"