முன் பிரேக்கும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரும்

சைக்கிள் கடை வேலையில் கை அழுக்காவது பெரிய கஷ்டமில்லை, சோப்புப் போட்டால் போய்விடும். வாய் வலிக்குத்தான் இதுவரை மருந்து கிடைக்கவில்லை. கடை வைத்து, வருகிறவர்களுக்கு நல்லதைச் சொல்லி, அதற்காகவே வாங்கிக் கட்டிக்கொள்கிற என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கடலூர்க்காரி. கல்யாணமாகி சிதம்பரம் வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் மாமனார் வைத்திருந்த கடை. வீட்டுக்காரருக்கு நெய்வேலி பக்கம் வேலை, மாமனாருக்கு முட்டி வலி. ஆகவே கடை என் தலையில் விழுந்து பதினான்கு வருஷமாகிறது. வியாபாரமும் சாமான் அலமாரியும் நான் பார்க்கிறேன், ரிப்பேர் எல்லாம் மெக்கானிக் ஞானம் அண்ணன். கடையே தீப்பிடித்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அண்ணன் எழுந்திருப்பார். அதனால் கோபப்படுகிற வேலையையும் நானே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் எங்கே?

கம்மாபுரத்திலிருந்து ஒருவர் டயர் வாங்க வந்தார். கல்லாவுக்குப் பின்னால் நான் முழுசாக உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "கடையில ஆளு இல்லியா?" என்றார். நான் இருக்கிறேனே என்றேன். "இல்லம்மா, கடைக்காரரு" என்றார். அவரும் நான்தான் என்றேன். நம்பிக்கையே இல்லாமல், "இருபத்தாறு இஞ்சு டயரு ஒன்னு" என்றார்.

இருபத்தாறு என்று மட்டும் சொன்னால் போதாது, அகலம் வேண்டும், பழைய டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், அகலம் மாறினால் ரிம்மில் உட்காராது என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். இரண்டு டயரை எடுத்து வைத்து வித்தியாசமும் காட்டினேன். மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் எங்கள் கடைக்குச் சம்பந்தமில்லாதவர், வெயிலுக்கு ஒதுங்கியவர். அவர் பாவம், "ஆமாங்க, அகலம் பாக்கணும்ல" என்று சொல்லிவைத்தார். உடனே நம்மாள் முகம் தெளிந்துவிட்டது.

"அதான் பாத்தேன், வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொன்னாத்தான் மனசுக்கு ஒரு தெளிவு வருது."

மீதி இருபது

ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராக இருப்பவர். புது சைக்கிள் வாங்க வந்தபோது கேட்ட முதல் கேள்வியே, "எதுல கியர் ஜாஸ்தி?" என்பதுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் மேடு என்று சொன்னால் ரயில்வே மேம்பாலங்கள்தான் இருக்கின்றன, தினமும் வேலைக்குப் போகிறவருக்குக் கியரே தேவையில்லை, அந்தக் காசில் நல்ல சீட்டு, மட்கார்டு, கேரியர் பாருங்கள், ஐப்பசி மழையில் சட்டை முதுகெல்லாம் சேறாகாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, மட்கார்டே இல்லாத இருபத்தோரு கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் கழித்து அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதுகில் பழைய சேற்றுக் கறை. செயின் ஒரே பல்சக்கரத்தில் ஓடி ஓடி அந்தப் பல்லெல்லாம் தேய்ந்து போயிருந்தது. கியர் மாற்றுகிற கட்டையைத் தொட்டுப் பார்த்தேன், தூசி இறுகி அசையவே இல்லை. ஒரு தடவைகூட மாற்றவில்லையா என்று கேட்டேன். பத்திரமாக வைத்திருந்த பொருளைக் காட்டுகிறவரின் பெருமை அவர் முகத்தில் வந்தது.

"ஒரு கியருதாங்க ஓட்டியிருக்கேன், மீதி இருபதும் தொடவே இல்ல, புதுசு கணக்குல திருப்பி எடுத்துக்குவீங்களா?"

ஆபத்தைக் கழட்டுங்கள்

செல்வி ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். சைக்கிள் வாங்க வந்தபோது கணவர் ராஜாராமன் சாரும் கூட வந்தார். கடலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க், தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். நல்ல மனிதர், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருப்பவர். எனக்கு வந்த வினையே அந்தப் பிரியத்தால்தான்.

சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, முன் பிரேக்கைக் கழட்டிவிடச் சொன்னார். முன் பிரேக் பிடித்தால் ஆள் குப்புற விழுவார்கள் என்று நம் பக்கத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். எத்தனையோ சைக்கிளில் முன் ஒயரே இருக்காது. நான் மெனக்கெட்டு விளக்கினேன். திடீரென்று அழுத்திப் பிடித்தால்தான் ஆபத்து, இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடித்தால் வண்டி சுருக்க நிற்கும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும், அதுவும் தினம் பாலம் இறங்குகிறவருக்கு இரண்டும் வேண்டும் என்றேன். பயந்துவிடாதே என்று செல்விக்குக் கடை வாசலிலேயே பிடித்துக் காட்டினேன். கழட்டித் தரவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே பொறுமையோடு பேசினார்.

"நீங்க கழட்ட வேணாம் மேடம், வீட்ல ஸ்பேனர் இருக்குது."

எறும்பு சாட்சி

மெஸ் நடத்துகிற ஒரு அம்மா, காய்கறி ஏற்றுகிற சைக்கிளைக் கொண்டுவந்தார். பெடல் மிதித்தால் மணல் அரைக்கிற சத்தம். செயினைப் பார்த்தேன், கருகருவென்று பசை பிடித்து, அதன் மேல் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் மீந்துவிட்டதாம், வீணாக்கக் கூடாது என்று செயினுக்கு ஊற்றிவிட்டாராம். சமையல் எண்ணெய் பிசுக்காகி தூசியை இழுக்கும், முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மெஷின் ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மீதியைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஞானம் அண்ணன் அரை மணி நேரம் சுரண்டினார். எங்களுக்காக அந்த அம்மா வருத்தப்படவில்லை. எண்ணெயைக் குறை சொல்லிவிட்டேன் என்றுதான் வருத்தம்.

"எங்க மெஸ்ல சுத்தமான கடல எண்ணெய்ம்மா, எறும்புக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல."

தானாக இறுகும் பிரேக்

செல்வி திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் காற்றடிக்க வருவாள். முதல் திங்களே பார்த்தேன், முன் பிரேக் கட்டை ரிம்மிலிருந்து அரை விரல் தள்ளித் தொங்கியது. "ஞாயித்துக்கெழமை அவுரு லூசு பண்ணி வுட்டுட்டாருக்கா" என்றாள். ஒயரை இழுத்து நட்டை இறுக்கி அனுப்பினேன். அடுத்த திங்களும் அதே கதை. இப்படி ஞாயிற்றுக்கிழமை அவர் தளர்த்துவதும் திங்கட்கிழமை நான் இறுக்குவதுமாக மாதக்கணக்கில் ஓடியது. செல்வி பக்கத்தில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். ஒரு நாள், "எந்தப் பக்கம் திருகினா டைட்டுக்கா?" என்று கேட்டாள். கடையில் கூட்டம். காட்டிவிட்டு, மணியாகிறது போ என்று விரட்டினேன்.

எனக்கு உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. அவர் சொன்ன மாதிரியே என்றைக்காவது குப்புற விழுந்துவிட்டால் பழி என் மேல்தான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின் பிரேக்கையே பிடித்துப் பிடித்து அதன் ஒயரில் இரண்டு இழை விட்டுப் போயிருந்தது. மாற்றிவிடலாம் என்றதற்கு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அந்த வாரமே சார் நேரில் வந்தார். இருக்கிற ஒயர் அறுபடாமல் புது ஒயர் வாங்க அவர் சட்டத்தில் இடமில்லை, ஆபீஸ் சாமான் மாதிரி பழசு உதவாது என்று கண்டம் ஆனால்தான் புதுசு. அதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி வேறொரு புகாரும் சொன்னார்.

"உங்க வண்டில ஏதோ கோளாறு மேடம், வாராவாரம் லூசு பண்றேன், அதுவா டைட் ஆயிடுது."

கவருக்குள் கடற்காற்று

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, சாமான் எடுக்கக் கடலூர் போனேன். அப்படியே அக்கா வீட்டில் தலை காட்டினேன். மாமா துறைமுகம் பக்கம் குடியிருக்கிறார். வாங்கிய நாள் முதல் தன் சைக்கிளின் சீட்டு, கம்பி, ஹேண்டில் எதிலும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவே இல்லை. போதாதென்று மேலே இன்னொரு பாலிதீன் சுற்றியிருந்தார். கடற்காற்றின் ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல், கவருக்குள் கம்பி முழுக்கத் துரு. தட்டினேன், பொலபொலவென்று கொட்டியது. கவரைக் கிழித்துப் போடுங்கள், உலர்ந்த துணியால் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள் என்று கத்தினேன். மாமா சிரித்துக்கொண்டே கவரை நீவிவிட்டார்.

"உள்ள ஆயிரம் இருக்கட்டும், கவரு மேல பாரு, ஒரு பொட்டு துரு இருக்குதா?"

பாலத்தில்

மாமாவோடு சண்டை முடிவதற்குள் போன் வந்தது. ஞானம் அண்ணன். "நம்ம செல்வி டீச்சரு பாலத்துல எறங்கறப்ப பின் பிரேக் ஒயரு அந்துடுச்சாம். டீக்கடையில சொல்றாங்க" என்றார். அண்ணே, காலையில் அவள் காற்றடிக்க வந்தாளா, முன் பிரேக்கை இறுக்கினீர்களா என்று கேட்டேன். "நான் எங்க பாத்தேன், டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றார். இன்று திங்கள். நேற்று அவர் தளர்த்தியிருப்பார். நான் கடலூரில் இருக்கிறேன். பின்னால் பிரேக் இல்லை, முன்னாலும் பிரேக் இல்லை, பாலம் இறங்கும் இடத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டே இருக்கும். செல்விக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சாமானை அக்கா வீட்டிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த ஒயரை அன்றைக்கே யாரையும் கேட்காமல் மாற்றித் தொலைக்காத என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தது கூட நினைவில்லை.

கடைக்கு வந்தால், பள்ளி விட்டு வந்த செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கீறல் இல்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது, பின் ஒயர் அறுந்து தொங்கியது. குனிந்து முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பிடித்தது, என் கை வேலையைவிடச் சுத்தமாக இருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை மறைக்க, போன் எதற்கு வைத்திருக்கிறாய் என்று அவளைத்தான் திட்டினேன்.

"கிளாஸ்ல போன எடுக்க மாட்டோங்க்கா, திங்கக்கெழமை நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்கன்னு ஞானம் அண்ணன் சனிக்கெழமையே சொன்னாரு, அதான் அவுரு ஸ்பேனராலயே நானே டைட் பண்ணிக்கிட்டேன்."

நன்றி சொல்ல வந்தவர்

மறுநாள் சாயங்காலம் ராஜாராமன் சார் கடலூர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. முன் பிரேக் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கே மனசு இளகிவிட்டது. பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளர் நான் சொன்னதைப் புரிந்துகொண்டார் என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன். கண்டம் ஆன பழைய ஒயரைக் கையில் கொடுத்தேன், முறைப்படி வாங்கிப் பார்த்துக்கொண்டார். ஞானம் அண்ணன் புது ஒயரை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, சார் அவசரமாக அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம் அண்ணே, முன் பிரேக்கு தங்கம், ஆபத்தே பின் பிரேக்குதான்னு இப்பதான் தெரியுது, அதக் கழட்டிடுங்க."

அவர் போனதும் புது ஒயரை மாட்டித்தான் சைக்கிளைச் செல்விக்கு அனுப்பினேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர் பின் பிரேக்கைத் தளர்த்துகிறார், திங்கட்கிழமை செல்வி தானே இறுக்கிக்கொள்கிறாள், எனக்கு வாரத்துக்கு ஒரு வேலை மிச்சம், இந்தத் தொழிலில் முன்னேற்றம் என்று நான் கண்டது இவ்வளவுதான்.