வாப்பாவும் வம்மி மரமும்

யுத்தம் முடிந்து, வீதிகளில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கிய வருடம் அது. இடம், கல்முனைக்குடியில் வயல் பக்கமாக இருக்கும் எங்கள் வீட்டு வளவு. வாப்பா மவுத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த மறுநாள் காலை, மரம் அறுக்கிற பெரிய வாளும் கயிறுமாக மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். அன்று விழுந்த குழப்பம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வயல் செய்தவர். தொழுகைக்கு வுழூச் செய்கிற தண்ணீர்கூட வீணாகக் கூடாது என்று கறிவேப்பிலை மரத்தடியில் உட்கார்ந்துதான் முகம் கழுவுவார். கொய்யா பழுத்தால் மேல் கொப்புப் பழங்களை யாரும் தொடக் கூடாது. "வௌவாலுக்கும் அல்லாஹ் ரிஸ்க் எழுதித்தானே இரிக்கி" என்று அதன் பங்கு உணவைச் சொல்வார். பிள்ளைகள் எங்களிடமும் அதே பிரியம்தான். நான் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் மீனில் முள் எடுத்துத்தான் என் சோற்றுக் கோப்பையில் வைப்பார். உம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

சுனாமியில் எங்கள் கடற்கரை வீடு அடியோடு போனது. நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடி வந்து நின்ற இடம் உம்மாவின் குடும்பத்து வளவு. அங்கே நின்ற பெரிய வம்மி மரத்தில் தறப்பாளைக் கட்டி, அதன் கீழேதான் பல வாரங்கள் சமைத்தோம், தொழுதோம், படுத்தோம். அலை கொண்டுபோனவர்களின் மய்யித்துகளைத் தேடிப் போய் வருகிற வாப்பா அந்த மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு அந்த மரத்தை யாராவது கைநீட்டிப் பேசினாலே அவருக்குப் பிடிக்காது.

எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வளவின் முன்பக்கம் கட்டிய வீடு மூத்த பிள்ளையான ராத்தாவுக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது பின்பக்கம். அதன் நட்டநடுவில் வம்மி மரம்.

எனக்கு அட்டாளைச்சேனையில் ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வரும்போதெல்லாம், "ஊட்டு வேல எப்ப துவங்கும்?" என்று கேட்பார்கள். வாப்பா மரத்தைச் சுற்றி நடந்து அளப்பார், மூலையில் கட்டலாமா என்று யோசிப்பார், பிறகு பேச்சை மாற்றிவிடுவார். ஒரு நாள் உம்மா பொறுக்க மாட்டாமல், "அந்த மரத்தையே ரெண்டாந்தாரமாக் கட்டிக்கங்க, மகள் ஊட்டோட கிடக்கட்டும்" என்றார். வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைவிட ஒரு மரம் பெரிதாகப் போய்விட்டதா என்று உள்ளுக்குள் எரிந்தது.

அப்படியிருந்த வாப்பா ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து படுத்தார், எழும்பவில்லை.

அதோடு என் மனம் தலைகீழாக மாறிவிட்டது. மரத்தை வெட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததே நான்தான். வாப்பா காத்த மரத்தை அவர் போன கையோடு சாய்ப்பதா? கத்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் வீட்டு வேலைக்கு இன்னும் காலம் எடுக்கும் என்று சொல்லவைத்தேன். அவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் நழுவுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாள்தான் வாளோடு அந்த மூன்று பேரும் வந்தது. அவர்களில் பெரியவர், சவளக்கடை என்கிற இடத்தில் இருக்கும் வாப்பாவின் வயலுக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

"போடியார் நிக்காரா பிள்ள? மரம் வெட்ட வரச் சொன்னவர்" என்றார். வயல்காரரான வாப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வாப்பா மவுத்தான செய்தியைச் சொன்னேன். வாளைக் கீழே வைத்துவிட்டுத் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியூரில் வேலையாக இருந்தாராம், ஒருவரும் சொல்லவில்லையாம்.

உம்மா, கணவன் மவுத்தானால் பெண்கள் இருக்கிற இத்தாவில் இருந்ததால் அந்நிய ஆண்கள் முன்னால் வர முடியாது. அறைத் திரைக்குப் பின்னால் இருந்தபடியே, "கொப்பு முறிக்கவும் விடாத மனிசன் வெட்டச் சொல்லுவாரா? ஆரோ ஏவி விட்டிருக்காங்க. அனுப்பு புள்ள" என்றார். ஆரோ என்றது, மரத்தை வெட்டிவிடலாம் என்று அடிக்கடி சொல்கிற ராத்தாவின் மாப்பிள்ளையை. எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்டபோது மச்சான் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டார்.

திரும்ப வாசலுக்குப் போய்க் கேட்டேன்.

"நான் பொய் சொல்லி என்னத்துக்குப் பிள்ள?" என்றார் பெரியவர். "வயலில வைச்சுக் கேட்ட அண்டைக்கே வெட்டித் தாறன் எண்டன். மேல கொக்குக் குஞ்சு கிடக்கு, அதுகள் பறந்து போகட்டும், மறுகா வா எண்டார். சின்ன மகளுக்கு வீடு கட்ட வேணுமாம். அவட கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இந்தப் பலகைதானாம். வீட்டில கதைக்க வேணாம், நானே சொல்லுறன் எண்டவர்."

உள்ளே போய் அப்படியே சொன்னேன்.

"குஞ்சு பறக்கட்டும் எண்டா சொன்னாரு?" என்று கேட்டார் உம்மா. "அப்ப அது அவருதான்."

எங்களிடம் கடைசிவரை பிடிகொடுக்காதவர் எப்போது மனம் மாறினார்? அன்று நான் சிரிக்காததைப் பார்த்தாரா? சொல்ல வாய் வராமல் நாளைக் கடத்தினாரா? இன்னொன்றும் தோன்றியது. உயிரோடு இருந்திருந்தால் இவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "அடுத்த மாசம் பாப்பம்" என்று திருப்பி அனுப்பியிருக்கவும் கூடியவர்தானே அவர்? இதில் எது வாப்பாவின் விருப்பம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஊடு உனக்கு. நீயே சொல்லு" என்றார் உம்மா.

மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். கூடுகள் வெறும் சுள்ளிகளாகக் கிடந்தன. பெரியவர் பக்கத்தில் வந்து, "நீங்க சொன்னா வெட்டுவன், இல்லாட்டி இப்பிடியே போறன்" என்றார். நான், "வெட்டுங்க" என்றேன். வாள் இறங்கியதும் அழுகை வந்தது. அழுகைக்குள்ளே, வாப்பா என்னைத்தான் பெரிதாக நினைத்திருக்கிறார் என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை.

வீடு எழும்பியது. அதே வாத்தியார்தான் மாப்பிள்ளையாக வந்தார். இன்றும் ஊரில் வாப்பாவின் பேச்சு வந்தால், பச்சைக் கொப்பு ஒன்றை முறிக்க விடமாட்டார் என்றுதான் புகழ்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்த மனிதர் எனக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துப் பெருமைப்படுவதா, அவர் வாயால் ஒரு தடவை கேட்காமலே வெட்டச் சொல்லிவிட்டேனே என்று அழுவதா என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.