புளி போட்டு மினுக்கிய துவக்கு

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். விடியற்புறம் தொடங்கிய மழை விட்டிருக்கவில்லை. உப்புக் காற்றுக்குப் பயந்து கடற்பக்கத்து யன்னல்களைச் சாத்தியிருந்ததால் பகலிலும் விளக்கு எரிந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்காவின் பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் அத்தானின் துவக்கைக் கிடத்தியிருந்தேன். அதற்கு மதிப்புப் போடுவதற்காகக் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்த பழம்பொருள் வியாபாரி, ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அடிக்கட்டையில் இருந்து மெல்ல மெல்ல மேலே வந்தார். குழல் தொடங்கும் இடத்தில் கண்ணாடி நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது. விலை கூடுவதாக இருந்தால் வியாபாரி இவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்கமாட்டான்.

அத்தான் என் அக்காவின் கணவர். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்தவர். அதில் பாதிக்கு மேல் வன்னிக் காடுகளில் கூடாரத்தில் கழிந்தது. உலகப் போர் முடிந்து பட்டாளத்தில் மிஞ்சிய துவக்குகளில் சில, யானைக் காட்டில் வேலை செய்யும் அளவையாளர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அத்தானின் முகாமுக்கு வந்தது இது. அவர் அதை ஒரே ஒரு தடவைதான் சுட்டார், அதுவும் வானத்தை நோக்கி. கொம்பன் யானை ஒன்று அளவைச் சங்கிலியின் மறு முனையில் வந்து நின்றதாம். சத்தத்துக்கு அது ஓடவில்லை. அலுப்புப் பட்டதுபோல் திரும்பி நடந்து போனதாம். அத்தான் இதைச் சொல்லும்போதெல்லாம், "அது என்னை மன்னிச்சு விட்டது, மச்சான்" என்று முடிப்பார்.

அவர் ஓய்வு பெற்றபோது, திணைக்களம் துவக்கின் குழலை அடைத்து ஒட்டி, சுடும் ஊசியை வெட்டி, இனி இது அலங்காரப் பொருள் என்று ஒரு கடிதத்துடன் அவருக்கே கொடுத்துவிட்டது. கடிதத்தில் துவக்கின் இலக்கம் இருந்தது. ஓர் எழுத்தும் ஐந்து இலக்கங்களும். அதே இலக்கம் இரும்பிலும் இரண்டு இடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அத்தானுக்குக் காணி அளந்த காலத்தில் இருந்தே ஒரு பேச்சு உண்டு: "இலக்கம் இருந்தால் காணி, இல்லாட்டிக் காடு." துவக்குக்கும் அதையே சொன்னார்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தைத் தமிழ் வீடொன்றில், சுடாத துவக்கு என்றாலும், துவக்கு இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது. காய்கறி வெட்டும் கத்தி நீளமாக இருந்தாலே கேள்வி கேட்ட காலம். கடலில் எறிந்துவிடும்படி நான் எத்தனையோ முறை மன்றாடினேன். அத்தான் மறுத்துவிட்டார். "ஒளிச்சால்தான் களவு, மச்சான்" என்று சொல்லி, பதிவு எடுக்க வந்தவர்களிடம் தாமே முதலில் போய்ச் சொன்னார். ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் அதிகாலையில் கதவு தட்டப்படும். அத்தான் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடிதத்தை ஒரு கையிலும் துவக்கை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, பூசைத் தட்டம் கொண்டு வருவதைப்போல் வருவார். சிப்பாய் கடிதத்தைப் பார்ப்பான். அத்தான் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் மனப்பாடமாகச் சொல்லுவார். சிப்பாய் இரும்பில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். கடைசி இலக்கம் பொருந்தியதும், சரி என்ற அர்த்தத்தில், "ஹரி, அங்கிள்" என்பான். அந்த இரண்டு சொல் வரும்வரைக்கும் நான் மூச்சு விடமாட்டேன். இரண்டு தடவை பொலிஸுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். இரண்டு தடவையும் இலக்கம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கடைசியாக வந்த சிப்பாய், இலக்கத்தைப் படிக்க டோர்ச் அடித்தான். விடிந்தும் விடியாத நேரம், வெளிச்சம் போதாது என்று நினைத்தோம்.

வெளிச்சம் போதாமல் இல்லை. காரணம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நவராத்திரி ஒன்பதாம் நாள் ஆயுத பூசைக்கு எல்லா வீடுகளிலும் தொழில் சாமான்களைக் கழுவிச் சந்தனம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் அளவைச் சங்கிலியும் துவக்கும். அத்தானின் உயிரைக் காப்பாற்றியது அந்தத் துவக்கு என்று நம்பியவர் அக்கா. ஈரத் துணியால் துடைத்து வைப்பது அவருக்குப் போதாது. குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளி போட்டுத் தேய்த்த கையோடு, அதே புளியையும் சலித்த செங்கல் தூளையும் தேங்காய்த் தும்பில் தொட்டுத் துவக்கையும் தேய்ப்பார். பட்டாளத்துக் கறுப்பு நிறம் முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே போய்விட்டது. அதன்பிறகு அது வெள்ளித் தடிபோல மின்னியது. அத்தான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு, "உவ மினுக்கிற மினுக்கில எதிரி கண் கூசியே ஓடிப்போவான்" என்பார். அக்கா நிமிராமல், "உங்கட தலையையும் கொண்டாங்கோ, மிச்சப் புளி கிடக்கு" என்பார். அத்தானின் தலையில் அப்போதே மயிர் இல்லை.

அத்தான் கண் மூடுமுன் துவக்கை என்னிடம் ஒப்படைத்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "அக்காவுக்கு ஒரு அந்தரம் வந்தால் வித்துப்போடு. இலக்கம் பொருந்தினது எண்டால் காசு வரும்" என்று சொன்னார். அந்த அந்தரம் போன மாசியில் வந்தது. அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பு மூட்டை உடைத்துக்கொண்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் உள்ளே வைக்கும் செயற்கை மூட்டை நாங்கள் வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். எங்களிடம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. தென்பகுதியில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர், சுவரில் மாட்டுவதற்கு இப்படி ஒரு துவக்கைத் தேடுகிறார், இலக்கமும் கடிதமும் சரியாக இருந்தால் மூன்றரை லட்சம் கொடுப்பார் என்று அந்த வியாபாரிதான் தொலைபேசியில் சொன்னார். கூட்டிப் பார்த்தேன். மூட்டு வாங்கிப் பத்தாயிரம் மிஞ்சியது. அந்தப் பத்தாயிரத்துக்கு அக்காவுக்குப் பிடித்துக்கொண்டு நடக்கும் வண்டிலும் வாங்கலாம் என்று விலைகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

வியாபாரி கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"ஐயா, இத யாரு அரத்தால ராவின?"

"ஒருத்தரும் ராவேல்லை. மினுக்கினது."

"எதால?"

"புளியாலையும் செங்கல் தூளாலையும். வருசத்துக்கு ஒருக்கா. பூசைக்கு."

அவர் என்னையும் துவக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இது துவக்கா, கறிச்சட்டியா ஐயா? கடைசி ரெண்டு நம்பரும் இல்லியே. மத்த எடத்துல ஒண்ணுமே இல்ல. இத நான் பாத்தா மினுக்கினதுண்டு நம்புவன். பொலிஸ்காரன் பாத்தா களவாக்கி நம்பர ராவினதுண்டுதான் சொல்லுவான்."

"அப்ப என்ன விலை போகும்?"

"கிலோக் கணக்குல போகும். மரம் அடுப்புக்கு."

உள்ளறையில் கட்டிலில் கிடந்த அக்கா அப்போதுதான் குரல் கொடுத்தார். "தம்பி, அவருக்குத் தேத்தண்ணி குடுத்தனியே?" வியாபாரி எழுந்து, அறை வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கடிதம் இரிக்கிதுதானே, புதுசா ஒண்டு எழுதி எடுக்க ஏலுமாண்டு பாருங்க. இல்லாட்டி வாய மூடிட்டு வச்சிரிங்க" என்றார். வந்து போன கூலி மூவாயிரம் வாங்கினார்.

வாயை மூடிக்கொண்டு வைத்திருந்திருக்கலாம். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்தவன். கடிதத்தில் ஒன்று, பொருளில் ஒன்று என்று இருந்தால் எனக்கு நித்திரை வராது. முறையாகப் போய் முறையாகச் சொன்னால், பழைய கடிதத்தைப் பார்த்துப் புதிய கடிதம் தருவார்கள் என்று நினைத்தேன். ஒளித்தால்தான் களவு என்று அத்தானும் சொல்லியிருக்கிறார். பெட்சீற்றால் சுற்றிப் பொலிஸ் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையானவன். கதிரை தந்தான். இலக்கம் இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, "ஏன் அங்கிள் அழிச்சது?" என்று சிங்களத்தில் கேட்டான். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பூசையைச் சொன்னேன், அக்காவைச் சொன்னேன், "சியம்பலா" என்று புளியைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். அதிகாரி சிரிக்கவில்லை. புளியையும் எழுதி, கீழே என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னான். துவக்கைப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். எழுபத்தெட்டு வயதில் நான் இலக்கம் அழித்த துவக்கு வைத்திருந்தவனாக வெளியே வந்தேன். யுத்த காலம் முழுவதும் அத்தானுக்கு நேராத ஒன்று, யுத்தம் இல்லாத காலத்தில் எனக்கு நேர்ந்தது.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். வழக்கு மூன்று தவணை கூப்பிடப்பட்டது. "புளிக் கதையை இனி எங்கேயும் சொல்லாதேங்கோ ஐயா, உண்மை எண்டாலும் பொய் மாதிரிக் கிடக்கு" என்றார் அவர். மூன்றாம் தவணையில் என்னை எச்சரித்து விட்டார்கள். துவக்கு அரசுடைமை. நீதிமன்றத்தில் அதை மேசைமேல் வைத்தபோது, சீட்டு ஒன்று கட்டி, பழுப்பு உறை போட்டு வைத்திருந்தார்கள். உறைக்கு வெளியே தெரிந்த குழல் அப்போதும் மின்னியது. வெளியே மர நிழலில் நின்று, அத்தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அந்த இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லியிருப்பார். அதைத் தொட்டுப் பார்க்க இரும்பில் ஒன்றும் இருந்திருக்காது.

மூட்டுக்கு வைத்திருந்த காசில் பெரும்பங்கு இதில் போனது. அறுவைச் சிகிச்சைக்குத் தந்த நாள் ஓகஸ்டில் வந்தது, போனது. இனி எப்போது என்று கேட்டதற்கு, மூட்டைக் கொண்டுவாருங்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். அக்கா நாள் முழுவதும் இடப்பக்கம் சரிந்தே கிடக்கிறார். பின்னேரத்தில் இடுப்பு நோ கூடும். என் முன்னால் முனகுவதில்லை. நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் முனகுகிறார். அதற்காகவே நான் அடிக்கடி குசினிக்குப் போகிறேன்.

துவக்கு போனதை நான் அவரிடம் சொல்லவில்லை. மதிப்புப் போடக் கொடுத்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் பின்னேரங்களில், "எவ்வளவு போட்டவங்கள்?" என்று கேட்பார். "இன்னும் பாத்துக்கொண்டு இருக்கினம்" என்பேன். இந்த ஆயுத பூசைக்கு முதல் நாள், சாமித் தட்டுக்கு அருகே சங்கிலியை மட்டும் தனியே வைத்ததைக் கட்டிலில் இருந்தே பார்த்துவிட்டார். சாப்பாட்டு மேசையில், ஜூன் மாதம் விரித்த அதே நூல் சேலையை நான் இன்னும் எடுக்கவில்லை. அதில் துவக்கு கிடந்த மடிப்பு அப்படியே இருந்தது. அதையும் பார்த்தார்.

"தம்பி, எனக்குத் தெரியும் ஏன் அவங்கள் விலை சொல்லாமல் இழுக்கிறாங்கள் எண்டு."

நான் கட்டிலருகே போனேன்.

"விழ முதலே முழங்கால் ஏலாமல் போனதில இருந்து மூண்டு வருசமா நான் அதுக்குப் புளி போடேல்லை. மங்கிப் போயிருக்கும். நல்லா ஒருக்கா மினுக்கிக் குடுத்திருந்தால் நல்ல விலை போட்டிருப்பாங்கள். என்ரை பிழைதான்."

"ஓம் அக்கா" என்றேன்.

"குத்துவிளக்குக்கு எண்டாலும் வாங்கிக்கொண்டு வா. பழப்புளி. அரைக்கால் கிலோ காணாது, கால் கிலோ வாங்கு. துவக்குத் திரும்பி வந்தாலும் வரும்."

காலி வீதிக் கடையில் வாங்கி வந்தேன். முந்நூற்று நாற்பது ரூபாய். வியாபாரியின் கூலி, மொழிபெயர்ப்பும் தட்டச்சும், முச்சக்கர வண்டி, சட்டத்தரணியின் மூன்று தவணை, இந்தப் புளி எல்லாம் சேர்த்து, அத்தானின் துவக்குக்கு மதிப்புப் போட்டுப் பார்க்க எனக்குச் செலவானது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.