காலுக்கு ஒரு நாடு

என் அப்பாவின் வலது முழங்கால் பிரெஞ்சு அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. மற்ற உறுப்புகள் யார் பொறுப்பு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் வாழ்கிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அப்பா ஒரு சொல்தா. பட்டாளத்தில் இருந்தபோது லாரியிலிருந்து விழுந்து முழங்கால் போனது. வேலையில் பட்ட அடி என்பதால் அந்தக் காலுக்கும், அந்தக் காலால் வருகிற கோளாறுகளுக்கும் ஆகும் வைத்தியச் செலவை, அவர் எங்கே குடியிருந்தாலும் அந்த நாடு ஏற்றுக்கொள்கிறது. காய்ச்சல், பல்வலி, கண்புரையெல்லாம் அவர் பாடு. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டிருப்பதால் இங்கே அரசாங்கக் காப்பீட்டு அட்டையும் வாங்க முடியவில்லை.

அந்த 'காலால் வருகிற' என்பதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதுகு வலியா, நொண்டி நடந்ததால் வந்தது. தூக்கம் வரவில்லையா, கால் குடைச்சல். ஒருமுறை தலைவலிக்குக்கூடக் காலைத்தான் நீட்டினார். அவருடைய கூட்டாளி சொல்தா ஒருவருக்குப் பட்டாளத்தில் காதில் அடி. அவர் வயிற்று வலிக்கும் காதைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டர் முன்னால் உட்காருவார். கடற்கரையில் காலை நடை போகும்போது "கால் எப்பிடி இருக்கு?", "காது எப்பிடி இருக்கு?" என்று இருவரும் விசாரித்துக்கொள்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே எரிச்சலும் வரும்.

என் தம்பி பிரான்ஸில், ஜெர்மனி எல்லையோரத்தில் இருக்கிறான். ஒருநாள் போனில் சொன்னான்.

"அக்கா, எங்க பில்டிங்ல ஒரு ஜெர்மன்காரப் பெரியவர் இருக்கார். பென்ஷன் அங்க, குடித்தனம் இங்க. உடம்புக்கு வந்தா இங்கயே பாத்துக்குறார். செலவ ரெண்டு கவர்மெண்டும் அவங்களுக்குள்ள தீத்துக்குறாங்க. அவருக்கு ஒரு கவலையும் இல்ல."

"அப்ப நம்ம அப்பாவுக்கு?"

"அது பக்கத்து பக்கத்து நாடுங்க பேசி வச்சிக்கிட்டது, அக்கா. நம்ம கத வேற. அப்பா இங்க வந்தா இங்க பாப்பாங்க."

பக்கத்து நாடு என்றால் எவ்வளவு பக்கம்? அப்பா சின்ன வயதில் சைக்கிளில் போய் இந்தியாவில் கரும்பு தின்றுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரான்ஸுக்குத் திரும்பியவர். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது; எல்லைக் கோடு எங்கள் ஊர் வயல் வரப்பில்தான் ஓடியது. இதைத் தம்பியிடம் சொன்னேன். "கரெக்ட்தாங்கா" என்றான். எது கரெக்ட் என்று நான் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு வந்த அப்பா, பையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"இன்னாப்பா பண்ணுது?"

"கால்தாம்மா. ரொம்ப இழுக்குது."

சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வழக்கமாகக் காலைப் பார்க்கிற டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப் போனேன். அவர் முழங்காலை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், ஊசி போட்டு அனுப்பினார். மறுநாளும் அதே வியர்வை. மறுநாளும் கால்தான் என்றார் அப்பா. வாய் காலைச் சொல்லிக்கொண்டிருக்க, கை சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நெஜமாவே கால்தானாப்பா?"

"வேற இன்னான்னு சொல்றது?"

இது ஒரு பதிலா? கழற்றிக் கிடந்த பொத்தான்களை மறுபடி பார்த்தேன். அவரை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இ.சி.ஜி. எடுத்த டாக்டர், "ஹார்ட் அட்டாக். நேத்தே வந்திருக்கு. ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, உடனே பாக்கணும்" என்றார்.

கவுண்டரில் இருந்த பெண், "சாருக்கு எந்த இன்சூரன்ஸ்?" என்று கேட்டாள். பிரெஞ்சுப் பென்ஷன்காரர் என்றேன்.

"அப்ப பிரான்ஸ் குடுத்துருமா?"

"காலுக்குக் குடுக்கும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மேடம், இது ஹார்ட்டு."

தம்பிக்குப் போன் போட்டேன். "பிளேன் ஏத்தி அனுப்புக்கா, இங்க எல்லாம் பாத்துக்குவாங்க" என்றான். படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே போனால் பார்ப்பார்கள், போனால் செத்துவிடுவார். இங்கேயே இருந்தால் இவர் யார் வீட்டுப் பிள்ளை? நெஞ்சு எந்த நாட்டைச் சேர்ந்தது? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கடைசியில் நானும் தம்பியுமே பணம் கட்டினோம்.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் நடந்தது இன்னும் என்னை விடவில்லை.

ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, டியூட்டி டாக்டர் குனிந்து கேட்டார். "ஐயா, வலி எங்க இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"எங்கன்னு சொல்லட்டும்மா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

"எங்க வலிக்குதோ அங்க சொல்லுப்பா."

அவர் கை பழக்கதோஷத்தில் முழங்கால் பக்கம் போனது. பாதியில் நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து நெஞ்சில் படிந்தது.

"இங்க" என்றார், வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு.