அக்கா ஏன் அந்த வளைவிலேயே விழுந்தாள்

என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அனுப்பியதே அக்காவைக் கண்காணிக்கத்தான். அது அக்காவுக்கும் தெரியும். அவள் ஒன்பதாவது, நான் நான்காவது. ஆந்திராவில், சித்தூர்ப் பக்கம், பாலசமுத்திரத்துக்கு அருகே ஒரு தமிழ்க் கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆட்கள் நாங்கள் இருவரும்தான். ஒன்பதாவது படிக்கும் பெண்களுக்கு ஸ்கூலில் கொடுத்த அந்தச் சைக்கிளைத் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓட்டினாள். அதற்குப் பிறகு விழ ஆரம்பித்தாள்.

விழுவது குற்றமில்லை. எப்போதும் ஒரே இடத்தில் விழுந்ததுதான் குற்றமாகப் பட்டது. கரும்புக் கொல்லை முடிந்து சித்தூர் ரோடு வந்து சேரும் வளைவு அது. வளைவில் ஒரு பஞ்சர் கடை. கடையில் ஓர் அண்ணன், அப்போதுதான் மீசை முளைத்துக்கொண்டிருந்தது. அக்கா விழுந்ததும் ஓடிவந்து தூக்கி நிறுத்துவது அவன்தான். ஒரு குடும்பம் சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

"வழியெல்லாம் நல்லா போறவ, அங்க மட்டும் இன்னாத்துக்கு உழறா?" என்றாள் அம்மா.

அம்மாவின் தம்பியான மாமாவுக்குச் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து எங்கள் விவகாரங்களைத் தீர்த்து வைப்பார். "தப்பு ரோட்டு மேல இல்ல, ரோட்டோரத்துல கீது" என்றார்.

"இன்னொரு தபா உழுந்தான்னு கேட்டேன், ஸ்கூலும் வேணாம் ஒண்ணும் வேணாம். என்கூட மாங்கா பறிக்க வரட்டும்" என்றாள் அம்மா. நைனா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

ஆக, வேவு பார்க்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. நான் அதை மிகவும் பொறுப்பாகச் செய்தேன். வளைவில் காலை பஸ் எதிரே வரும். அங்கே ஹார்ன் அடிக்காமல் எந்த டிரைவரும் திரும்ப மாட்டார். ஹார்ன் அடிக்கும், அக்காவின் கையில் ஹேண்டில் நடுங்கும், நாங்கள் இருவரும் பள்ளத்தில் கிடப்போம். விழுந்த பிறகும் அவள் கண்கள் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். அது கடை இருந்த பக்கம். இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். கடைக்கார அண்ணன் என் கால்சட்டை மண்ணைத் தட்டிவிட்டு, பழைய பேரிங் குண்டு ஒன்றைக் கையில் கொடுத்தான். குண்டை வாங்கிக்கொண்டேன். சந்தேகத்தை விடவில்லை.

மாமா இதையெல்லாம் என்னிடம் கேட்டுவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கும் வரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஒருநாள் வேலைக்கு லீவு போட்டார். விடியற்காலையிலேயே கரும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பார்த்து பஞ்சர் கடை பூட்டியிருந்தது. பஸ் வந்தது. அக்கா விழுந்தாள்.

கடையில் ஆளே இல்லையே, இனி அவளை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மாமா மேலே ஒட்டிய கரும்புச் சோகையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "பாத்தியாடா! ஆளக் காணோம்னு மயக்கம் போட்டே உழறா. அவ்ளோ தூரம் போயிட்டா!"

வீட்டில் அம்மா எதுவும் கேட்கவில்லை. நேரே வந்து அக்காவின் இடது காதைப் பிடித்துத் திருகினாள். எங்கள் வீட்டில் விசாரணை அங்கேதான் தொடங்கும். "சொல்லுடி, அவன் உன்கிட்ட இன்னா சொன்னான்?"

அக்காவின் கண்கள் ஒரு பக்கமாக ஓடின. கைகள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. சைக்கிளும் இல்லை, வளைவும் இல்லை, நின்ற இடத்திலேயே சாய்ந்து அடுக்குப் பாத்திரங்களின் மேல் விழுந்தாள். அம்மாவின் விரலில் மஞ்சளாக நனைந்த பஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் என் வரைக்கும் வந்தது.

"எத்தினி நாளாடி வடியுது?"

"ரொம்ப நாளா." அக்கா தரையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "சத்தம் கேட்டா பூமியே சுத்துது. சொன்னா சைக்கிள புடுங்கிக்குவீங்க."

மாமா திருப்பதி பஸ்ஸுக்கு நேரம் விசாரிக்கக் கிளம்பினார்.

திருப்பதிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். ஊர் நம்ப வேண்டுமே என்று மாமா என்னை பஸ் ஸ்டாண்டு பக்கத்து சலூனில் உட்கார வைத்து மொட்டை அடித்து, சந்தனமும் பூசிவிட்டார். மலையின் படிக்கட்டைக்கூட நான் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அக்காவின் காதைத் துடைத்து, உள்ளே பார்த்து, காதோரத்தை விரலால் மெல்ல அழுத்தினார். அக்காவின் கண்கள் அதேபோல ஓடின. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். சீழ் பிடித்து உள்ளே எலும்பை அரித்திருக்கிறதாம். நாம் சாயாமல் நிற்பதற்கான உறுப்பும் காதுக்குள்தான் இருக்கிறதாம். அதனால்தான் ஹார்ன் சத்தத்துக்கும் விரல் பட்டதற்கும் தலை சுற்றுகிறதாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். சீழ் நின்றுவிடும், ஆனால் அந்தக் காது பழையபடி கேட்கும் என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் முடியும் வரைக்கும் சைக்கிளைத் தொடக் கூடாது.

"நடந்து ஸ்கூலுக்குப் போகலாமா?" என்று அக்கா தெலுங்கிலேயே கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"ஏன் போகக் கூடாது?" என்றார் டாக்டரம்மா. அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா சரியென்று தலையை ஆட்டினாள்.

ஆனால் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். பஞ்சர் கடைக்காக ஒரு சொட்டுக்கூட அழாதவள். "காது கேக்காத பொண்ணுன்னு பேரு வந்துட்டா எவன்டா கட்டுவான்?" என்று மாமாவிடம் கேட்டாள். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கம் குனிந்தாள். "டேய், ஊர்ல யாருனா கேட்டா காதுன்னு வாயத் தொறக்காத. அக்கா பஞ்சர் கட பையனப் பாத்துக்கினே உழுந்துட்டான்னு வேணா சொல்லு."

முன்சீட்டில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. திரும்பினாள். அறை விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். அம்மா கையை நீட்டி, அக்காவின் துப்பட்டாவை இழுத்து அந்தக் காதை மூடிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஆக, அவன்தான் காரணம். டாக்டர், ஆபரேஷன் எல்லாம் அதை மறைக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு என்று முடிவு கட்டினேன். இவ்வளவு தூரம் வந்து மறைக்கிற அளவுக்கு அந்த அண்ணனிடம் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.