பின்னால் நின்ற குரல்கள்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. பெற்ற நாலோடு நாத்தனார் மகளையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தவள். யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை. ஆனாலும் நாவற்பழம் தின்று நாக்கு தடித்தால், பூந்தமல்லியில் ஐந்தாவது படித்த பள்ளிக்கூடத்து மேடைதான் இன்றைக்கும் ஞாபகம் வரும். அங்கே பாட நின்றால், பழம் தின்னாமலே என் நாக்கு அப்படித் தடித்துப்போகும்.

கும்பலோடு பாடினால் என் குரல் தெருமுனை வரை கேட்கும். தனியாக நிறுத்தினாலோ முதல் அடியிலேயே குரல் நின்றுவிடும். சுதந்திர தினத்தன்று அப்படித்தான் நின்று, திறந்த வாயோடு அழுதுவிட்டேன்.

"இன்னாடி, ஊட்ல ரேடியோ மாரி கத்தற, அங்க போனா கரண்ட்டு பூட்ச்சா?" என்று நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "கும்பல்ல கத்தறது பாட்டா? ஒத்தையில நின்னு பாடு, அதான் பாட்டு" என்றாள்.

ஆண்டு விழாவிலும் பாதியில் நின்றுவிட்டால் இனிமேல் பாட்டு வேறொருத்திக்கு என்று பாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். கணக்கும் வராத, எழுத்தும் வராத எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் சொந்தமென்று இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

வகுப்பில் என் இரு பக்கமும் கஸ்தூரியும் நூர்ஜஹானும்தான் உட்காருவார்கள். வழி கண்டுபிடித்தவள் நூர்ஜஹான். "நானும் கஸ்தூரியும் உன் பின்னால நின்னு பாடறோம். அப்பால ஒவ்வொருத்தியா நிறுத்திக்கிறோம். நீ பாடிகினே இரு. திரும்பிப் பாத்தே, கொன்னுடுவேன்" என்றாள். இதென்ன புதுப் பழக்கம் என்று முகம் சுளித்த டீச்சர், பிறகு சரி என்று விட்டுவிட்டார்.

விழா அன்று முதல் அடியில் மூன்று குரல். இரண்டாம் அடியில் கஸ்தூரி நின்றது தெரிந்தது. நூர்ஜஹான் குரல் மட்டும் என் முதுகைத் தொட்டபடியே வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்தபோது பார்த்தால் என் குரல் மட்டுந்தான் அங்கே இருந்தது. கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

கீழே இறங்கியதும், "எந்த எடத்துலடி நிறுத்தினே?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன் போ. சொன்னா அடுத்த தபா கரெக்டா அங்க வந்து நின்னுடுவே."

அதற்குப் பிறகு பயந்த பிள்ளைகளையெல்லாம் டீச்சர் அந்த மாதிரிதான் பாடவைத்தார். என் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது, பாட்டு நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. பருத்திப்பட்டில் வாக்கப்பட்ட கஸ்தூரி முதலில் போய்ச்சேர்ந்தாள். போன ரம்ஜானுக்கு முன்னால் நூர்ஜஹானும் போய்விட்டாள், பாட்டை நிறுத்திய அந்த இடம் எதுவென்று சொல்லாமலே. அடுப்படியில் பாடும்போது இரண்டாம் அடியில் என் காது தானாகப் பின்னால் போகிறது.

கள்ளிக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி செல்போனில் பாட்டு கற்கிறாள். சுருதியும் அதற்குள்ளேயே கேட்கிறது, வாத்தியாரும் அதற்குள்ளேயே வருகிறார், தப்பினால் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனியாகப் பாடச் சொன்னால் முகம் தெரியாமலிருக்கக் கேமராவை அணைத்துவிடுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு பாடும் அவளுக்குப் பின்னால் யாருமில்லை. இப்போது எனக்குந்தான் யாருமில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் அவள்தான். எங்கே கண்ணு, சத்தமா ஒரு தபா படி. மொதல்ல நானும் கூடவே சொல்றேன். திரும்பி மட்டும் பாக்காத.