ரெஜிபோம் மண்டபம்

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என்னிடம் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த மட்டைக் குறிப்பேடு ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. மட்டையில் ‘தகவல்’ என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். மாரி மழை தொடங்கிய நாள், பாடசாலை வேம்பு பூத்த நாள், காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு அதிபர் அதிக நேரம் பேசிய நாள், பக்கத்து வீட்டு ஆடு எங்கள் செவ்வரத்தையைக் கடித்த நாள் என்று எல்லாவற்றுக்கும் அதில் திகதி உண்டு. வீட்டில் யாராவது ‘அண்டைக்கு’ என்று ஒரு கதையைத் தொடங்கினால், ‘எண்டைக்கு?’ என்று இடைமறிப்பேன். அதனால் மாமா, அம்மாவின் அண்ணன், எனக்குப் பதிவாளர் என்று பெயர் வைத்திருந்தார். நான் அறைக்குள் நுழைந்தால், “பதிவாளர் வாறா, எல்லாரும் பிறப்புப் பத்திரத்தை எடுத்து வையுங்கோ” என்பார்.

எங்கள் பாடசாலை அரியாலையில், கடல்நீரேரிக் காற்று வந்து தொடும் தூரத்தில் இருந்தது. நகரத்துப் பெரிய பாடசாலைகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளும், கிடைத்தும் பஸ்ஸுக்குக் காத்து நிற்க விரும்பாத பிள்ளைகளும் படித்த அரசாங்கப் பாடசாலை. நான் எந்த வகை என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா படித்ததும் மாமா படித்ததும் அங்கேதான். அவர்கள் காலத்துப் பிரதான மண்டபம் போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. அத்திவாரமும் அதன்மேல் வெடித்துக் கிடந்த சீமெந்து நிலமும் மட்டும் மிஞ்சின. அதற்குத் தகரக் கூரை போட்டு, முன்பக்கம் சரிவாகக் கொங்கிறீற் பூசி, சைக்கிள் தரிப்பிடம் ஆக்கியிருந்தார்கள். பிற்பகலில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களின் மணிகளில் வெயில் பட்டு, தகரத்தின் அடிப்பக்கமெல்லாம் சின்னச் சின்ன நிலவுகள் அசையும். சமூகக்கல்விப் பாடம் நடக்கையில் யன்னலால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நிலத்தின் கிழக்கு ஓரத்தில், வெளியே, உடுப்புத் தோய்க்கிற கல் ஒன்று கிடந்தது. கிணறோ மைதானத்தின் மறுகரையில். தண்ணீரில்லாத இடத்தில் தோய்க்கிற கல்லுக்கு என்ன வேலை? கொப்பியில் எழுதியிருக்கிறேன்: ‘கல் ஒன்று. காரணம் தெரியவில்லை.’

தை பிறந்தால், பிள்ளைகளை நிறத்துக்கு ஓர் இல்லமாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஓடி வெல்வதைவிட இல்லத்தை அலங்கரித்து வெல்வது பெரிய காரியம். ஒவ்வோர் இல்லமும் மைதான ஓரத்தில் கோபுரமோ கப்பலோ கோட்டையோ எழுப்பும். நடுவர்கள் கொப்பியும் பேனையுமாகச் சுற்றி வந்து புள்ளி போடுவார்கள். எங்கள் மஞ்சள் இல்லம் நான் அறிந்த நாளிலிருந்து அலங்காரத்தில் நாலாம் இடம். இல்லங்கள் மொத்தமே நாலு.

அந்த வருடம் இல்லத் தலைவியாக இருந்தவர் உயர்தரம் படித்த ஓர் அக்கா. கப்டன் அக்கா என்போம். முதற் கூட்டத்திலேயே மேசையில் தட்டினார்.

“கப்பலும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். எங்கடை பழைய மண்டபத்தைச் செய்வம். பழைய மாணவர் சங்கத்து ஆக்கள் கண்ணீர் விட்டு விட்டு மார்க்ஸ் போடுவினம்.”

“அக்கா, அது எப்பிடி இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு படமும் இல்லையே” என்றாள் ஒருத்தி.

கப்டன் அக்காவின் பார்வை என்மேல் விழுந்தது. “எடி, நீதானே திகதி கேட்டு ஆக்களைக் கொல்லுறவள்? நீ போய் விசாரிச்சுக்கொண்டு வா. ஒரு தூண் பிழைச்சாலும் நாலாமிடம்தான், சொல்லிப்போட்டன்.”

அன்று வீட்டுக்குச் சைக்கிள் மிதித்ததாக நினைவில்லை. பறந்துதான் போயிருக்க வேண்டும். எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். தனித்தனியே கேட்டு இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் அது உண்மை. ஒருவர் மட்டும் சொன்னால் சேர்க்கக்கூடாது.

முதலில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் கீறிக் காட்டினார். முன்னால் ஏழு வளைவுகள். மேற்கே இரண்டு வாசல்கள். கிழக்கே வெறும் சுவர், அதில் உயரத்தில் யன்னல்கள். அடுத்தது மாமா. “ஏழு வளைவு. சந்தேகமே இல்லை. ஏழாவது வளைவுக்குக் கீழைதான் என்னை முழங்காலிலை விட்டவை. எண்ணிறதுக்கு நேரம் கிடைச்சது” என்றார்.

மூன்றாவது அம்மா. அவர் என் சீருடையை அழுத்திக்கொண்டிருந்தார். மாமா கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஆறு” என்றார் அம்மா.

“ஏழு அம்மா. ரெண்டு பேர் சொல்லிப்போட்டினம்.”

“எனக்கு ஆறுதான் ஞாபகம். பிறகு, கிழக்குப் பக்கத்திலை ஒரு வாசல்.”

“அங்கை வாசலே இல்லையாம். சேர் சொன்னவர்.”

“அது பிறகு வந்த வாசல், பிள்ளை.” அம்மா அழுத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சுவரில் எதையோ பார்ப்பதுபோல நின்றார். “மேலே கொஞ்சம் கோணல். உயரமும் காணாது. நான் குனிஞ்சுதான் போறனான். அதை மட்டும் விட்டிடாதை, என்ன?”

மாமா சிரித்தார். “உலகத்திலை எந்த மேசன் கோணல் வாசல் கட்டுறவன்? பதிவாளர், உன்ரை கொம்மா கனவிலை பள்ளிக்கூடம் போனவ.”

“அண்ணை, நீங்கள் அப்ப கொழும்பிலை. உங்களுக்குத் தெரியாது.”

சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் மாமா “சரி, சரி” என்று தேநீருக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. “வேறை ஆர் கண்டது?”

“என்ரை வகுப்புப் பிள்ளையள் எல்லாருக்கும் தெரியும்.”

“அவையளிட்டைக் கேக்கிறன். எங்கை இருக்கினம்?”

“ஒருத்தி கனடா. ரெண்டு பேர் ஜேர்மனி. மற்றவையள்…” அம்மா என் பாவாடை மடிப்பை விரலால் நேராக்கினார். “இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

கொப்பியை விரித்து எழுதினேன். எழுதியதை வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். அதையும் வாசித்தேன்: “கிழக்குப் பக்க வாசல். அம்மா மட்டும். சாட்சி இல்லை.”

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். “ஓம், சரிதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த மடிப்பை அழுத்தத் தொடங்கினார்.

அதன்பின் வந்த இரண்டு கிழமைகளையும் நான் விழித்திருந்து கழித்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாடசாலை விட்டதும் வேப்பமரத்தின் கீழ் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரை அட்டைகளைப் பரப்புவோம். வெட்ட வெட்ட வெள்ளைத் தூள் கிளம்பி, கீழே விழ மனமில்லாததுபோல் காற்றில் நிற்கும். தலைமயிரிலும் கண்ணிமையிலும் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் நரைத்த பெண்களாக நின்று, எங்களுக்கு முன்னரே இடிந்துபோன ஒரு கட்டடத்துக்குத் தூண் வைத்தோம். தூரத்தில் பாண்ட் வாத்தியக்காரர் ஒரே மெட்டை அடித்துப் பழகிக்கொண்டிருந்தனர். வளைவுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏழாவதை நிறுத்திய மாலையில் கப்டன் அக்கா என் தலையிலிருந்த தூளை ஊதிவிட்டார். அதற்கும் திகதி இருக்கிறது.

அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். “வாசல் வைச்சாச்சோ?” நான் ஒவ்வொரு நாளும் விதியை விளக்கினேன். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் அவரே என்னைக் கூட்டிப்போக வந்தார். மண்டபத்தைச் சுற்றி வந்து, கிழக்குச் சுவருக்கு முன்னால் குந்தினார்.

“வடிவாய்ச் செய்திருக்கிறியள், பிள்ளையள். இதிலை ஒரு சின்ன வெட்டுத்தான். ஒரு பிளேட் தாங்கோ, நானே வெட்டித் தாறன்.”

கப்டன் அக்கா பிளேட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் என்னைப் பார்த்தார். “அன்ரி, இதிலை முடிவு உங்கடை பதிவாளற்றைதான்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு தூண் பிழைத்தாலும் நாலாமிடம் என்பது காதுக்குள் கேட்டது.

“சாட்சி இல்லை, அம்மா” என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். முழங்காலில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெயில் தேன் நிறத்தில் இருந்தது. அணிநடை முடிந்து நடுவர்கள் இல்லம் இல்லமாக வந்தார்கள். எங்கள் மண்டபத்துக்கு முன்னால் பழைய மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தான் பேச்சுப்போட்டியில் பாதியில் மறந்துபோய் நின்ற மேடையைத் தேடினார். இன்னொருவர், “டேய், உந்த யன்னலாலைதானே நீ பாஞ்சு ஓடினனி?” என்று நரைமீசைக்காரர் ஒருவரின் முதுகில் அறைந்தார். சித்திர ஆசிரியர் வளைவுகளை எண்ணிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கப்டன் அக்கா என் கையைக் கிள்ளினார். “பாத்தியே, கண்ணீர்!”

அந்தக் கூட்டத்துக்கு மறுபக்கத்தில், ஒருவரும் நில்லாத கிழக்குச் சுவரருகே அம்மா நின்றார். உள்ளங்கையை ரெஜிபோமின்மேல் ஓரிடத்தில் வைத்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல.

அலங்காரத்தில் முதலாம் இடம் மஞ்சள் இல்லம். ஒலிபெருக்கி அதை இரண்டு முறை சொன்னது. இரண்டு பேர் சொன்னதற்குச் சமம் என்று கொப்பியில் எழுதினேன்.

என் விதியில் இருந்த பிழை எனக்குத் தெரியவர பல வருடங்கள் சென்றன. அண்மையில் பாடசாலையின் ஆண்டு மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். பழைய கொப்பியை எடுத்தேன். ‘சாட்சி இல்லை’ என்ற வரியைக் கண்டதும், உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அன்று கேட்காத கேள்வியைக் கேட்டேன். “அந்த வாசல் எப்ப வந்தது?”

அம்மா சொன்னார். தான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலையில் ஒருவரும் இல்லாத நேரத்தில் ஒரு ஷெல் கிழக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு போனது. ஏற்கெனவே யன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். ஏழாவது வளைவை மண்மூட்டை அடுக்கி மூடியிருந்தார்கள். கரண்ட் இல்லாத காலம். மண்டபத்துக்குள் பகலிலும் எழுத்துத் தெரியாது. பலகை அடித்த பிறகு முதல் தடவையாக அந்த ஓட்டையால் வெயில் உள்ளே வந்தது, கடற்காற்றும் வந்தது. அம்மாவின் வகுப்புப் பிள்ளைகள் உடைந்த விளிம்பைத் தட்டிச் சீராக்கினார்கள். கிணற்றடியிலிருந்து தோய்க்கிற கல்லை உருட்டி வந்து படியாகப் போட்டார்கள். அது வாசல் ஆனது. அவர்கள் சோதனை எழுதியதும் அந்த வெளிச்சத்தில்தான்.

“காலமை வெயில் கடைசி வரிசை மட்டும் போய்க் கிடக்கும்” என்றார் அம்மா. “பிறகு மேசை மேசையாய் எங்கடை பக்கம் திரும்பி வரும். நான் சுவரோடை இருந்தனான். கணக்குச் சோதனையிலை கடைசிக் கேள்வி மட்டும்தான் எனக்கு வெயிலிலை விழுந்தது. பேப்பர் அப்பிடியே பொன் மாதிரி. அந்தக் கேள்வி சரி வந்தது.”

அடுத்த வகுப்பு வருவதற்குள் எல்லோரும் ஊரைவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது மண்டபம் இல்லை. ஒரே ஒரு வகுப்பின் காலுக்கு மட்டும் தெரிந்த வாசல் அது.

“ஏன் அம்மா அப்பவே சொல்லேல்லை?”

“நீ எத்தினை எண்டுதானே கேட்டனி” என்று சொல்லிவிட்டு, மடித்த உடுப்பை அலுமாரிக்குள் வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். கூட்டம் கலைந்துவிட்டது. ஐஸ்கிறீம் வண்டியின் இசை தெருமுனையில் தேய்ந்துகொண்டிருந்தது. வெற்றிக் கிண்ணத்தைப் பிடித்த கையில் வியர்வை இன்னும் காயவில்லை. நானும் அம்மாவும் சைக்கிள் எடுக்கப் போனோம். நான் முன்பக்கச் சரிவால் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அவர் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போயிருந்தார். மாலை வெளிச்சத்தில், காரணம் தெரியாத அந்தக் கல்லின்மேல் செருப்புக் காலோடு ஏறி நின்றார். சற்று நேரம் நின்றார். பிறகு, சுவரும் ஒன்றும் இல்லாத வெறும் காற்றுக்கு முன்னால் தலையை மெல்லக் குனிந்து, ஒரு காலை எடுத்துச் சீமெந்து நிலத்தில் வைத்தார்.

வெயிலில் நின்ற களைப்பு, தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பசி வேறு.

“அம்மா, உந்தப் பக்கத்தாலை வர ஏலாது” என்று கத்தினேன். “வழி முன்னுக்கு.”

“ஓம் பிள்ளை, வாறன்” என்றார். குனிந்த தலையை, உள்ளே வந்த பிறகுதான் நிமிர்த்தினார்.